ஒரெஸ்டெஸ் விடுதலை: தீர்ப்பா, சமாளிப்பா?

#1 பழையசோறு

பழைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘ஒரெஸ்டெயா’ மூன்று நாடகங்களையும் ஒருவழியாக வாசித்து முடித்தேன். முடித்து நான்கு நாள் ஆகிறது. கடைசி நாடகத்தில் வரும் நீதிமன்றக் காட்சி இன்னும் மண்டையைக் குடைகிறது. வீட்டில் இதைப் பேச ஆளில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

வாசிக்காதவர்களுக்காகக் கதை: ட்ராய்க்குப் படையெடுத்த கிரேக்கக் கப்பல்கள் ஆலிஸ் துறையில் எதிர்க்காற்றில் முடங்கிக் கிடக்கின்றன. வேட்டைத் தேவி ஆர்ட்டெமிஸுக்குக் கோபம், பெற்ற மகளைப் பலி கொடுத்தால்தான் காற்று மாறும் என்கிறான் நிமித்திகன் கால்கஸ். படைத்தலைவன் அகமெம்னான் மகள் இஃபிஜெனியாவைப் பலிபீடத்தில் ஏற்றுகிறான். பத்தாண்டு கழித்து வெற்றியோடு ஆர்கோஸ் திரும்புகிறான். மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா அவனைக் குளியல் தொட்டியில் வைத்து, வலை மாதிரி ஒரு துணியைப் போர்த்திச் சிக்கவைத்து, மூன்று வெட்டில் முடிக்கிறாள். மகன் ஒரெஸ்டெஸ் குறி சொல்லும் தெய்வம் அப்போலோவின் கட்டளைப்படி தாயைக் கொல்கிறான். தாயின் ரத்தத்துக்காக எரினிகள் என்ற பழிதீர்க்கும் தேவதைகள் அவனை விரட்டுகின்றன. அப்போலோவின் கோயில் இருக்கும் டெல்ஃபியிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடி, அந்த ஊரின் காவல் தேவி அதீனாவின் காலில் விழுகிறான். அவள் குடிமக்களை நடுவர்களாக உட்காரவைத்து அரியோபேகஸ் குன்றில் விசாரணை நடத்துகிறாள். வாக்கு சரிபாதி. சரிபாதி என்றால் விடுதலை. ஆள் வீட்டுக்குப் போய்விட்டான்.

என் வயிற்றெரிச்சல், ஒரெஸ்டெஸுக்காக மன்றத்தில் பேசும் அப்போலோவின் வாதம்தான். தாய் பிள்ளையைப் பெற்றவளே இல்லையாம். தகப்பன் போட்ட வித்தைக் கொஞ்ச நாள் காத்துத் தருகிற அந்நியளாம். அதற்கு அத்தாட்சி, தாய் வயிற்றில் பிறக்காமல் ஸூஸின் தலையிலிருந்து பிறந்த அதீனாவே. நீதிபதியையே ஆதாரமாகக் காட்டுகிற வழக்கறிஞரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இதையா ‘பழிவாங்கலிலிருந்து நீதிக்கு மனிதகுலம் எடுத்து வைத்த அடி’ என்று பாடப்புத்தகத்தில் போடுகிறார்கள்?

#2 கடலோடி

அண்ணே, ஆலிஸில் தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். இது மூன்று நாலு தலைமுறைப் பங்காளிப் பகை.

கொள்ளுத்தாத்தா டான்டலஸ் தன் மகன் பீலாப்ஸையே வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்கு விருந்து வைத்தவன். தேவர்கள் பையனை உயிர்ப்பித்தார்கள். அந்தப் பையன் வளர்ந்து, தேர்ப்பந்தயத்தில் தனக்காக ஏமாற்றிக் கொடுத்த தேரோட்டி மிர்டிலஸைக் கடலில் தள்ளிக் கொன்றான். விழும்போது அவன் விட்ட சாபம் குலத்தோடு ஒட்டிக்கொண்டது. பீலாப்ஸின் மகன்கள் ஏட்ரியஸ், தையஸ்டிஸ். அரியணைச் சண்டை, போதாததற்கு அண்ணன் மனைவிமேல் தம்பி கைவைத்தான். சமாதானம் பேசுவதாக அண்ணன் விருந்துக்குக் கூப்பிட்டு, தம்பியின் பிள்ளைகளையே கறியாக்கிப் பரிமாறினான். தகப்பன் தெரியாமல் தின்றான்.

அந்த ஏட்ரியஸின் மகன்தான் அகமெம்னான். தையஸ்டிஸின் மிச்சமிருந்த மகன் ஏஜிஸ்தஸ், கைக்குழந்தையாகத் தகப்பனோடு துரத்தப்பட்டவன். அவன்தான் பிற்பாடு கிளைடெம்னெஸ்ட்ராவின் காதலன். அகமெம்னான் பிணத்தின் முன்னால் வந்து நின்று அவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள், ‘என் அப்பா கணக்கு இன்றைக்குத்தான் தீர்ந்தது’ என்கிற தொனி. அதாவது அந்தக் குளியலறையில் ஒரே நேரத்தில் இரண்டு பழி தீர்கிறது, ஒன்று மகளுக்கு, ஒன்று பங்காளிப் பிள்ளைகளுக்கு. ட்ராயிலிருந்து சிறைப்பிடித்துக் கொண்டுவந்த, மற்றவர் கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிற இளவரசி கசாண்ட்ரா அரண்மனை வாசலிலேயே நின்று, தங்கள் சதையைக் கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தைகளைப் பார்க்கிறாளே, எனக்கு இன்றைக்கும் கை சில்லிடும் இடம் அது.

#3 நிலா_வாசகி

கடலோடி சொன்னதெல்லாம் சரி. ஆனா ‘குலசாபம்’னு சொல்லிட்டா யாருமே பொறுப்பில்லைன்னு ஆகிடும். ஈஸ்கிலஸ் அப்படி எழுதலை.

ஹோமரோட ஒடிஸியில இதே கதை திரும்பத் திரும்ப வருது. அங்க ஒரெஸ்டெஸ் உதாரணப் பிள்ளை. ‘அப்பனைக் கொன்னவனைக் கொன்னான் பார், நீயும் அப்படி ஆம்பளையா இரு’ன்னு ஒடிஸியஸோட மகன் டெலிமேக்கஸுக்குச் சொல்றாங்க. கொலைகாரன் முக்கியமா ஏஜிஸ்தஸ். தாயைக் கொன்னதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க, அவளுக்கும் சேர்த்து ஈமவிருந்து வெச்சான்னு ஒரு வரி மட்டும் போற போக்குல வரும். இஃபிஜெனியா பலி அங்க கிடையவே கிடையாது. அந்தம்மாவுக்குக் காரணமே இல்லை, கள்ளக்காதல் மட்டும்தான்.

ஈஸ்கிலஸ் என்ன பண்றார்? பலியைக் கதைக்குள்ள கொண்டுவந்து நடுவுல வெக்கிறார். அப்பாவைக் கூப்பிட்டுக் கதறின பொண்ணு சாபம் விட்டுடக்கூடாதுன்னு வாயைக் கட்டினாங்க, கண்ணால ஒவ்வொருத்தரையா பார்த்தான்னு, நாடகத்துல பாட்டுக்குழுவா வர்ற ஆர்கோஸ் முதியவர்கள் பாடுற பாட்டு இருக்கே. அதைக் கேட்ட பிறகு வர்ற கிளைடெம்னெஸ்ட்ரா வேற ஆள். ட்ராய் விழுந்த சேதி ஐடா மலையிலிருந்து லெம்னாஸ், ஏதாஸ்னு மலைமலையா தீப்பந்தம் தாவி ஒரே ராத்திரியில ஆர்கோஸுக்கு வர்ற ஏற்பாடு அவளோடது. நாட்டை ஆண்டவ. கணவன் ரத்தம் மேல தெறிச்சப்போ, மழைக்குக் காத்திருந்த பயிர் மாதிரி மகிழ்ந்தேன்னு சொல்றவ.

எனக்கு முக்கியமா படுற இடம் அதுக்கப்புறம். முதியவர்கள் ‘உன்னை நாடு கடத்துவோம்’ங்கிறாங்க. அவ திருப்பிக் கேக்குறா, மந்தையில ஆடு மலிஞ்சு கிடக்கிறப்போ ஒரு ஆட்டை அறுக்கிற மாதிரி தன் மகளையே அறுத்தானே, அன்னைக்கு அவனை நாடு கடத்த உங்களுக்குத் தோணலையான்னு. பதில் இல்லை. அந்த ஊர்ல யாரும் கேக்காததாலதான் அவ கத்தியை எடுத்தா.

#4 ஓய்வு_வக்கீல்

நாற்பது வருடம் குற்றவியல் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்டவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்லலாமா?

முதலாவது, பழைய கிரேக்கத்தில் கொலைக்குக் கொலை ஒன்றுதான் வழி என்பதில்லை. ஹோமரின் இலியட்டிலேயே ரத்தப் பணம் உண்டு. ‘தம்பியைக் கொன்றவனிடம்கூடப் பணம் வாங்கிக்கொண்டு சினம் ஆறுகிறவர்கள் இருக்கிறார்கள்’ என்று ஏஜாக்ஸ் அக்கிலிஸிடம் சொல்கிறான். அக்கிலிஸின் கேடயத்தில் செதுக்கியிருக்கும் காட்சிகளில் ஒன்று, ஒரு கொலைக்கான ரத்தப் பணத்தைப் பற்றிச் சந்தையில் நடக்கும் வழக்கு. பெரியவர்கள் கல்லிருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் இரண்டு டாலன்ட் பொன், நேராகத் தீர்ப்புச் சொல்கிறவருக்கு அது.

இப்போது ஏட்ரியஸ் வீட்டைப் பாருங்கள். அகமெம்னான் மகளைக் கொன்றான். ரத்தப் பணம் யார் கொடுப்பது? அகமெம்னான். யார் வாங்குவது? இறந்தவளின் குடும்பத் தலைவன், அதாவது அகமெம்னான். ஒரே மடிப்பை! கொலை வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டால் ரத்தப் பண ஏற்பாடு அப்படியே படுத்துவிடும். கிரேக்க நாடகாசிரியர்கள் இந்தக் குடும்பத்தையே சுற்றிச் சுற்றி வந்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, அதீனா வந்து பழிவாங்கலை ஒழித்துவிட்டாள் என்பது பாதி உண்மை. ஏதென்ஸின் கொலைச் சட்டம், அதை எழுதிவைத்த டிராக்கோ காலத்தது, சுமார் கி.மு. 621. கி.மு. 409-408இல் அதைக் கல்லில் மறுபடி வெட்டினார்கள், அந்தக் கல்வெட்டின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அதன்படி கொலை வழக்கு தொடுப்பது யார்? அரசு அல்ல. அரசு வழக்கறிஞர் என்று ஒருவர் அங்கே கிடையாது. செத்தவனின் தகப்பன், சகோதரன், மகன், அவர்களுக்குத் துணையாகப் பங்காளிகள். தெரியாமல் நடந்த கொலையில் மன்னிப்பு வழங்குவதும் அவர்கள்தான், அதுவும் எல்லோரும் ஒருமனதாக. ஒருவர் மறுத்தாலும் மன்னிப்பு இல்லை. கத்தியைப் பிடுங்கிவிட்டு மனுவைக் கையில் கொடுத்தார்கள். கடமை அதே குடும்பத்தின் தலையில்தான் இருந்தது.

#5 தூங்காநகரம்

நம்ம பரசுராமன் கதைதானே இது? அப்பா சொன்னார், அம்மா தலையை எடுத்தான்.

#6 பழையசோறு

தூங்காநகரம், எனக்கும் தோன்றியது. ஆனால் அங்கே வரம் கேட்டு ரேணுகா எழுந்து வந்துவிடுகிறாள். ஆர்கோஸில் செத்தவள் ஆவியாகத்தான் வருகிறாள், டெல்ஃபியில் குறட்டை விட்டுத் தூங்கும் எரினிகளை ‘எழுந்திருங்கடி’ என்று உலுக்க.

வக்கீல் ஐயா, ‘ஒரே மடிப்பை’ அருமை. இன்றைக்கு இதை வைத்தே தூங்கப்போகிறேன்.

#7 நிலா_வாசகி

ஐயா சொன்னதுக்கு மேல ஒரு கணக்கு.

நடுவர்கள் ஒவ்வொருத்தரா வந்து வாக்குக் கூழாங்கல்லைக் கலசத்துல போடுறாங்க. அப்புறம் அதீனா ‘என் வாக்கு ஒரெஸ்டெஸுக்கு, என்னைப் பெத்த தாய்னு யாரும் இல்லை, நான் முழுக்கத் தகப்பன் பக்கம்’ங்கிறா. எண்ணிப் பார்த்தா சமம்.

இந்தச் சமம் அதீனா வாக்கையும் சேர்த்தா, சேர்க்காமலா? ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயலை. சேர்த்துத்தான் சமம்னா என்ன அர்த்தம்? மனுஷ நடுவர்கள்ல ஒரு ஓட்டு அதிகமா ஒரெஸ்டெஸ் குற்றவாளின்னு விழுந்திருக்கு! ஏதென்ஸ் குடிமக்கள் அப்போலோ வாதத்தை நம்பலை. தேவிதான் காப்பாத்தினா. சேர்க்காம சமம்னாலும் பாதிப் பேர் நம்பலை. அதனால பழையசோறு, அப்போலோ பேச்சை ஈஸ்கிலஸோட கருத்துன்னு எடுத்துக்காதீங்க. பார்வையாளர் வரிசையில உக்காந்திருந்தவங்களும் அதைக் கேட்டு நெளிஞ்சிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

வித்து ஒசத்தி, நிலம் சும்மாங்கிற பேச்சு கிரேக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லைங்கிறது தனி விஷயம். மனுஸ்மிருதியிலயும் பெண் நிலம், ஆண் வித்துன்னு இருக்கு. இதை இங்க கிளறினா இழை திசை மாறிடும், விட்டுடுறேன்.

#8 ஓய்வு_வக்கீல்

நடைமுறையில் ஏதென்ஸ் நீதிமன்றங்களில் சம வாக்கு என்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகம். நாடகம் அந்த வழக்கத்துக்கு ஒரு பிறப்புக் கதை கொடுக்கிறது.

நாடகம் அரங்கேறிய ஆண்டையும் கவனிக்க வேண்டும். கி.மு. 458, டயோனிசஸ் விழா, முதல் பரிசு. அதற்கு மூன்று நான்கு ஆண்டு முன்னால்தான், கி.மு. 462-461இல், எஃபியால்டிஸ் என்ற அரசியல்வாதி அரியோபேகஸ் மன்றத்தின் அதிகாரங்களைப் பறித்தார். பழைய பெருங்குடிக்காரர்கள் உட்கார்ந்திருந்த மன்றம் அது. முக்கியமாக மிஞ்சியது கொலை வழக்கு விசாரணை. கொஞ்ச நாளில் எஃபியால்டிஸைக் கொன்றுவிட்டார்கள். ஊரே இரண்டுபட்டு நிற்கும்போது அதே குன்றில், அதே மன்றத்தை, கொலை வழக்குக்காகவே அதீனா நிறுவியதாக மேடையில் காட்டுகிறார் ஈஸ்கிலஸ். சீர்திருத்தக்காரர்கள் ‘பார்த்தீர்களா, மன்றத்தின் வேலை கொலை வழக்கு மட்டும்தான்’ என்று கைதட்டியிருப்பார்கள். எதிர்த்தரப்பு ‘பார்த்தீர்களா, தேவியே வைத்த மன்றம், கைவைக்காதே’ என்று கைதட்டியிருக்கும். விடுதலையான ஒரெஸ்டெஸ் ‘ஆர்கோஸ் என்றைக்கும் ஏதென்ஸோடு போருக்கு வராது’ என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறானே, அதுவும் அப்போதுதான் ஏற்பட்டிருந்த ஆர்கோஸ் கூட்டணிக்கான வாழ்த்துப்பா.

ஆக, தாய்க்கொலை வழக்கு மட்டுமல்ல அது. வீதியில் உள்ளூர்ச் சண்டை வெடித்துவிடுமோ என்று பயந்த ஊருக்கு நடந்த விசாரணை.

#9 கடலோடி

தீர்ப்புக்குப் பிறகு நடப்பதுதான் எனக்குச் சுவை. தோற்ற எரினிகள் ‘ஏதென்ஸைச் சுற்றிய அட்டிகா மண்ணில் நஞ்சைக் கக்குவோம், பயிரும் பிள்ளையும் விளங்காது’ என்று குதிக்கிறார்கள். அதீனா பொறுமையாக நயந்து பேசுகிறாள். நடுவில் ஒரு வார்த்தை, இடிமின்னல் பூட்டிவைத்திருக்கும் அறையின் சாவி எங்கிருக்கிறது என்று தேவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பாள். அப்புறம் ‘அது வேண்டாம் பாருங்கள்’ என்று மறுபடி நயம். பேச்சுவார்த்தை என்றால் இது! கடைசியில் எரினிகளுக்குக் குன்றின் அடியில் குடியிருப்பு, பூசை, செந்நிற அங்கி, தீப்பந்த ஊர்வலம். வக்கீல் ஐயா சொன்னதோடு பொருந்துகிறது. பழியை ஊரைவிட்டு விரட்டவில்லை. நீதிமன்றத்தின் அடித்தளத்திலேயே குடிவைத்துவிட்டார்கள்.

ஆனால் எல்லோரும் இந்த முடிவை ஏற்கவில்லை. ஈஸ்கிலஸுக்குப் பின்வந்த நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் ‘டாரிஸில் இஃபிஜெனியா’வில் எரினிகளில் ஒரு பகுதி தீர்ப்பை ஒத்துக்கொள்ளாமல் ஒரெஸ்டெஸை மறுபடி விரட்டும். அவருடைய ‘எலெக்ட்ரா’வில் வானத்திலிருந்து வரும் தெய்வங்களே ‘அப்போலோ அறிவாளிதான், ஆனால் உனக்குச் சொன்ன குறி அறிவானதல்ல’ என்கிறார்கள். கி.மு. 408இல் வந்த அவருடைய ‘ஒரெஸ்டெஸ்’ நாடகத்தில் கிளைடெம்னெஸ்ட்ராவின் தகப்பன் டிண்டேரியஸ் வந்து நேராகவே கேட்பார், மனைவி கணவனைக் கொன்றாள், மகன் அவளைக் கொன்றான், அவன் மகன் இவனைக் கொல்வானா, இதற்கு முடிவு எங்கே, வழக்குப் போட்டு அவளை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்க வேண்டாமா என்று. புராணகாலத்தில் ஏது நீதிமன்றம் என்று நாம் கேட்கலாம். யூரிப்பிடிஸுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய ஏதென்ஸின் ஆந்தெஸ்தீரியா விழாவில் ஒரு நாள் எல்லோரும் தனித்தனிக் குடுவையில், பேச்சில்லாமல் மது குடிப்பார்கள். ஏன் என்று கேட்டால், ஒரெஸ்டெஸ் ரத்தக்கறையோடு விருந்தாளியாக வந்துவிட்டான், விரட்டவும் முடியாது, அவனோடு ஒரே கலத்தில் குடிக்கவும் முடியாது, அதனால் எல்லோருக்கும் தனிக் குடுவை என்ற கதையைச் சொல்வார்கள். குற்றவாளியைக் கூச்சப்படுத்தாமல் ஊரே ஒதுங்கிக் குடிக்கிறது. இந்த நாகரிகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

#10 தூங்காநகரம்

தாயைக் கொன்ற வேறு யாராவது உண்டா அங்கே?

#11 கடலோடி

உண்டு, ஆல்க்மியான். தாய் எரிஃபிலி ஒரு கழுத்தணிக்கு ஆசைப்பட்டு, போனால் சாவு நிச்சயம் என்று தெரிந்தே கணவனைத் தீப்ஸ் போருக்கு அனுப்பினாள். அவன் போகும்போது மகனிடம் பழிதீர்க்கச் சொல்லிவிட்டுப் போனான், மகன் தீர்த்தான். அவனையும் எரினிகள் விரட்டின. இவனுக்கு நீதிமன்றம் கிடைக்கவில்லை. குறி சொன்னது என்னவென்றால், தாயைக் கொன்ற நேரத்தில் சூரியன் பார்த்திராத மண்ணில் போய் இரு என்று. அவன் அலைந்து திரிந்து அக்கிலோவஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போனான். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல், புதிதாக முளைத்த நிலம். கொலை நடந்தபோது அந்த மண்ணே உலகத்தில் இல்லை! அங்கே குடியேறினான். இதைச் சொல்வது கதாசிரியர் அல்ல, வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ், அந்த ஆற்றின் வண்டலைப் பற்றி எழுதும்போது.

ஒருவனுக்கு வக்கீல், வாக்கு, தீர்ப்பு. இன்னொருவனுக்கு ஒரு துண்டு வண்டல். எனக்கு ஆல்க்மியான் வழிதான் நேர்மையாகப் படுகிறது. அவனை யாரும் குற்றமற்றவன் என்று சொல்லவில்லை.

#12 பழையசோறு

ஐந்து நாளில் இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நேற்று ராத்திரி விசாரணைக் காட்சியை மறுபடி படித்தேன். படித்ததும் வேறொன்று உறுத்துகிறது.

அப்போலோ எரினிகளிடம் கேட்கிறான், கணவனைக் கொன்றவளை ஏன் விரட்டவில்லை என்று. அவர்கள் பதில், கணவன் ரத்த உறவு இல்லை, எங்கள் வேலை சொந்த ரத்தத்தைச் சிந்தியவர்களோடுதான். சரி. அப்படியென்றால் இஃபிஜெனியா அகமெம்னானுக்கு யார்? சொந்த ரத்தம்தானே? அவனை ஏன் பத்து வருடம் நிம்மதியாக விட்டார்கள்?

இந்தக் கேள்வியை மன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது நாடகம் முழுக்கத் தேடினேன், இஃபிஜெனியா என்ற பெயரே வரவில்லை. தாய்க்காக வாதாட வந்த எரினிகளும் அவள் ஏன் கொன்றாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐயா, வாதித் தரப்பு இவ்வளவு மோசமாகவா வாதாடும்?

#13 நிலா_வாசகி

முதல் நாடகத்துல கிளைடெம்னெஸ்ட்ரா சத்தியம் பண்றப்போ, ‘என் மகளுக்கான நீதி, நாசம், எரினி, இவங்களுக்குத்தான் இவனைப் பலி கொடுத்தேன்’ங்கிறா. அவ கணக்குல எரினி தன் வேலையைச் செஞ்சாச்சு, அவ கை வழியா. மூணாவது நாடகம் அதை மறந்துபோச்சு.

இரண்டாவது நாடகத்துல எலெக்ட்ரா ஒரே ஒரு வரியில சொல்றா, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஈவிரக்கமில்லாம பலியான அக்காவுக்கும் சேர வேண்டிய அன்பு மொத்தமும் இனி உனக்குத்தான்னு தம்பிகிட்ட. ஒரெஸ்டெஸ் அக்கா பேரை ஒரு தடவைகூட எடுக்கலை. தாய் மார்பைக் காட்டி ‘நீ பால் குடிச்ச இடம்டா’ங்கிறப்போ மட்டும் கை நடுங்கி நண்பனைப் பாக்குறான். நாடகம் முழுக்க ஊமையா நின்ன பைலாடிஸ் அப்போ மூணு வரி பேசுறான், தெய்வத்தைவிட மனுஷங்களைப் பகைச்சுக்கலாம்னு. அவ்வளவுதான், கத்தி இறங்கிடும்.

#14 ஓய்வு_வக்கீல்

பழையசோறு, மோசமான வாதம் என்று சொல்லமாட்டேன். அந்த வழக்கு பட்டியலிலேயே இல்லை.

டிராக்கோ சட்டத்தின்படியே யோசியுங்கள். இஃபிஜெனியா கொலைக்கு வழக்குத் தொடுக்க வேண்டியவர் யார்? தகப்பன். அவனே பிரதிவாதி. தாய் பெண் என்பதால் மன்றத்தில் நின்று வழக்காட முடியாது. மகன் அவளுக்கு இல்லை. மிச்சம் ஒருவன்தான், சகோதரன் ஒரெஸ்டெஸ். அக்காவுக்காக அப்பன்மேல் வழக்குப் போட வேண்டியவன், அப்பனுக்காக அம்மாவைக் கொன்றுவிட்டுக் குற்றவாளிக் கல்லில் நிற்கிறான். கல் என்றதும் நினைவு வருகிறது, அரியோபேகஸில் வாதிக்கு ஒரு கல், பிரதிவாதிக்கு ஒரு கல் இருந்ததாகப் பயணி பாசேனியஸ் எழுதியிருக்கிறார். இரண்டு கல்லிலும் இந்த ஒரே ஆள் ஏறி நிற்க வேண்டியிருந்திருக்கும்.

#15 கடலோடி

ஆர்ட்டெமிஸ் கடைசி நொடியில் மானை வைத்துவிட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று வேறு கதை உண்டே. அதன்படி கொலையே நடக்கவில்லை, வழக்கும் இல்லை.

#16 நிலா_வாசகி

கடலோடி, அது பெத்தவளுக்குத் தெரியாதே.

யூரிப்பிடிஸ் செத்த பிறகு மேடையேறின ‘ஆலிஸில் இஃபிஜெனியா’ படிச்சிருக்கீங்களா? பலிக்கு முன்னாடி கிளைடெம்னெஸ்ட்ரா புருஷன்கிட்ட கெஞ்சுற இடம். ‘நீ போருக்குப் போயிடுவ. அவ உக்காந்த நாற்காலியெல்லாம் காலியா, அவ இருந்த அறையெல்லாம் காலியா நான் பாத்துட்டு உக்காந்திருப்பேன். திரும்பி வர்றப்போ எப்படி வரவேற்பேன்னு நினைக்கிற?’

அகமெம்னானுக்கு அப்பவே சொல்லியாச்சு.

#17 பழையசோறு

அந்த நாடகத்தை இன்னும் வாசிக்கவில்லை. வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மட்டுறுத்துநர் அதுவரை இழையைப் பூட்ட வேண்டாம்.